குழிப்பந்தாட்டமும் குடியிருப்பு வாழ்வும்

மனிதன் தனித்து வாழ்வதற்கென்று படைக்கப்பட்டவன் அல்லன். நால்வர் குடியேறிய இடத்தில் ஒரு கிணறு தோன்றும். நாற்பதின்மர் குடியேறிய இடத்தில் ஒரு வழிபாட்டிடமும் ஒரு மன்றமும் தோன்றும். மன்றம், பொதியில், அம்பலம் என்று நம் முன்னோர் இப்பொதுவிடத்தைப் பல பெயரிட்டு வழங்கினர். ஊரார் கூடி வழக்குத் தீர்த்ததும், வழிப்போக்கர் இளைப்பாறியதும், சிறார் ஆடிக் களித்ததும் ஆங்கேயாம். ஆங்கிலேயரும் ஸ்காத்லாந்தியரும் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் தமக்கென ஒரு மன்றம் அமைத்துக்கொண்டனர். அதற்குக் கிளப்பு என்று பெயர். அக்கிளப்பின் முற்றமாகப் பல ஊர்களில் அமைந்தது ஒரு குழிப்பந்தாட்டக் களம். கால்ப் என்று உலக வழக்கில் கூறப்பெறும் அவ்விளையாட்டு யாது, சிறு குடியிருப்புகளின் கூட்டு வாழ்வில் அஃது எவ்வாறு இடம்பெற்றது, வடபழனி போன்ற நெருக்கமான நகர்ப்பகுதியில் வாழும் நாம் அதனின்றும் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைக் கூறுவோம். கிட்டிப்புள் ஆடியறியாத சிறுவர் முன்னாளில் நம் நாட்டில் அரியர். கோலினால் சிறு புள்ளைத் தட்டி எழுப்பி, எழும்பியதை ஓங்கி அடித்து, அது விழுந்த தூரத்தை அக்கோலினாலேயே அளப்பது அவ்வாட்டம். குழிப்பந்தாட்டமும் கோலுக்கும் தொலைவுக்கும் உள்ள உறவையே அடிப்படையாகக் கொண்டது. ஆயினும் இங்கே தூரத்தை அளப்பதில்லை, அடிகளையே எண்ணுகின்றனர். 1.68 அங்குலத்திற்குக் குறையாத குறுக்களவுள்ள ஒரு சிறு பந்தை, நூறு கெஜம் முதல் ஐந்நூறு கெஜத்திற்கு மேலும் தொலைவிலுள்ள ஒரு குழியினுள் வீழ்த்த வேண்டும். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலமே. இடையில் புதரும் உண்டு, மணற்பள்ளமும் உண்டு, நீரோடையும் உண்டு. ஆடுவோர் பதினான்கு கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். தொலைவுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, குழியருகே மெல்ல உருட்டுவதற்கு ஒன்று எனக் கோல்கள் வேறுபடும். முழுக் களத்தில் 18 குழிகள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரு குழிக்கு எத்தனை அடியில் முடிக்கலாம் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. அது குழியின் தொலைவுக்கேற்ப மூன்றோ, நான்கோ, ஐந்தோ ஆகும். பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து அவ்வரையறை பெரும்பாலும் எழுபத்திரண்டாக அமையும். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர்.

இவ்வாட்டத்தின் தாயகம் ஸ்காத்லாந்து. 1457-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதனை விலக்கிச் சட்டம் இயற்றியது. குடிகள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டுப் பந்தின் பின்னே அலைகின்றனர் என்பதே காரணம். விலக்கப்பட்ட ஆட்டம் விலகிப் போகவில்லை. 1744-இல் எடின்பரோவை அடுத்த லீத் என்னுமிடத்தில் ஆடியோர் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தனர். 1764-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் களம் பதினெட்டுக் குழிகள் உடையதாக அமைந்தது. அதுவே பின்னர் உலகெங்கும் அளவாயிற்று. பந்தின் வரலாறும் அறியத்தக்கது. பறவையிறகுகளைத் தோலினுள் திணித்துத் தைத்த பந்தே முதலில் வழங்கியது. அதனைச் செய்வது கடினம், விலையோ மிகுதி, ஆகவே ஆட்டமும் செல்வர் கையிலேயே நின்றது. 1848-ஐ ஒட்டி மலேயாக் காடுகளின் மரப்பாலாகிய கட்டாபெர்ச்சாவினால் பந்து செய்யத் தொடங்கினர். விலை சரிந்தது, ஆடுவோர் தொகை பெருகிற்று. 1898-இல் அமெரிக்காவில் ரப்பர் இழைகளைச் சுற்றிச் செய்த பந்து தோன்றியது. கீழ்நாட்டு மரத்தின் பால் மேல்நாட்டு ஆட்டத்தைப் பரப்பிற்று என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கதாகும். நம் நாட்டிற்கு ஆட்டம் வந்ததோ அதற்கும் முன்னரே. 1829-இல் கல்கத்தாவில் தோன்றிய கிளப்பு, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்த குழிப்பந்தாட்டக் கிளப்புகளுள் மிகப் பழமையானது.

இவ்வாட்டத்திற்கே உரிய மூன்று பண்புகள் உள. முதலாவது, நடுவர் உடன் வருவதில்லை. தம் அடிகளைத் தாமே எண்ணித் தாமே சொல்லுதல் வேண்டும். புதரின் மறைவில் பந்தை ஒருமுறை தவறி அடித்தவர், காண்பார் எவரும் இல்லாதவிடத்தும், அதனைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, பின்வருவோரை எண்ணி நடத்தல். தன் கோல் பெயர்த்த புல்லைத் தானே பொருத்திச் செல்வதும், மணலில் பதிந்த தன் அடிச்சுவட்டைத் தானே கலைத்துச் செல்வதும், பிறர் அடிக்குங்கால் பேசாதிருப்பதும் கட்டாயமான ஒழுக்கங்கள். மூன்றாவது, நம் கட்டுரைக்கு முதன்மையானது, ஹாண்டிகாப் எனப்படும் சலுகைக் கணக்கு.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். எழுபத்திரண்டு அடி வரையறையுள்ள களத்தில் ஒருவர் வழக்கமாக 76 அடிகளில் முடிப்பவர். மற்றொருவர் புதியவர், 96 அடிகள் எடுப்பவர். முன்னவர்க்குச் சலுகை 4; பின்னவர்க்கு 24. ஒருநாள் இருவரும் ஆடுகின்றனர். முன்னவர் 78 அடிகளில் முடிக்கிறார்; சலுகை கழித்தால் 74. பின்னவர் 97 அடிகளில் முடிக்கிறார். சலுகை கழித்தால் 73. வென்றவர் புதியவரே! ஏனெனில் ஒவ்வொருவரும் தம் வழக்கமான திறத்தோடு ஒப்பிடப்படுகின்றனர். அவ்வொப்பீட்டில் மேம்பட்டு நிற்பவர் எவரோ அவரே வெல்லுகிறார். இக்காலத்து முறையில் களத்தின் கடினமும் கணக்கில் சேரும். 2020-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஒரே முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவர் 54 வரை சலுகை பெறலாம். ஆகவே தாத்தாவும் பேரனும், தேர்ந்தவரும் தொடங்குபவரும், ஆடவரும் பெண்டிரும் ஒரே களத்தில் மெய்யாகவே போட்டியிடலாகும்.

நம் தெருச் சிறுவர்களிடத்தும் வலியோர் எளியோரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. அழுதுகொண்டு நிற்கும் சிறு தம்பியை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வர். அவன் ஓடலாம், பிடிக்கலாம், சிரிக்கலாம். ஆயினும் அவன் பிடித்தது பிடித்ததாகாது, அவன் தோற்றது தோற்றதாகாது. அன்பினால் அமைந்த வழக்கமேயெனினும், அவனைக் கணக்கில் வையாத சேர்க்கை அது. சலுகைக் கணக்கோ எளியவனைக் கணக்கில் வைத்தே சேர்க்கின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஒரு குடியிருப்பில் சிலர் ஒப்புக்கு அழைக்கப்படுகின்றனரா, கணக்கில் வைக்கப்படுகின்றனரா என்பதே அக்குடியிருப்பின் தன்மையைக் காட்டும் உரைகல்லாகும்.

இவ்வாட்டமும் கூட்டு வாழ்வும் ஒருங்கே வேரூன்றிய சிற்றூரைத் தமிழ்நாட்டில் தேடின், மிஷன் கலாசாலையில் பயில்வார்க்கு நெருங்கிய தொடர்புடையதாகக் கோடைக்கானல் முன் நிற்கும். 1834-இல் மதுரையில் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம் மனைவி மக்களுள் பலரைப் பறிகொடுத்தனர். உயிர் தப்பும் இடம் தேடியே அவர்கள் பழனிமலை ஏறினர். 1845-இல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இரண்டு பங்களாக்கள் எழும்பின. பெரியகுளத்தின் பக்கமாக மலையடிவாரம் வந்து, நடந்தும் குதிரையேறியும் சுமப்போர் தோளில் டோலியில் அமர்ந்தும் மேலேறிய காலம் அது. வண்டிப்பாதை முற்றுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில்தான். 1863-இல் மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்சு துரையின் முயற்சியால் ஓடைக்கு அணையிட்டு ஏரி அமைக்கப்பெற்றது. 1887-இல் ஆங்கிலேயர் கிளப்பும், 1890-இல் படகுக் கிளப்பும், 1895-இல் குழிப்பந்தாட்டக் கிளப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. மிஷனரி மக்களின் பிள்ளைகளுக்காக 1901-இல் ஒரு பள்ளி திறக்கப்பெற்றது. அதுவே இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

இவ்வரிசை நோக்கத்தக்கது. முதலில் வீடு, பின்பு நீர், பின்பு மன்றம், பின்பு ஆட்டக்களம், பின்பு பள்ளி. வெவ்வேறு சபையையும் நாட்டையும் சேர்ந்தவர்கள் கோடைத் திங்கள்களில் ஓரிடத்தில் கூடினர். ஆண்டு முழுவதும் ஒரு கிராமத்தில் தம் மொழி பேசுவார் இன்றித் தனித்திருந்த குடும்பத்துக்கு, அம்மலையின் டென்னிஸ் ஆட்டமும், தேநீர்க் கூட்டமும், இசைக் கச்சேரியும், ஏரியின் படகோட்டமும் வெறும் பொழுதுபோக்கு அல்ல. மனந்தளராமல் மீண்டும் கீழிறங்கிச் செல்வதற்கு வேண்டிய உணவேயாம். சபைக் கொள்கைகளில் மாறுபட்டோரும் ஆட்டக்களத்தில் நான்கு மணி நேரம் உடன் நடந்து, ஒருவர் பந்தை ஒருவர் தேடிக் கொடுத்து, பின் ஒரே மேசையில் தேநீர் அருந்தினால் பேச்சில் கூர்மை குறையுமன்றோ? தூண்பாறைக்குச் செல்லும் வழியில் பதினெட்டுக் குழிகளோடு விளங்கும் அக்களத்தில் இன்று காட்டெருமைகளும் உலவக் காணலாம். அவை புகுந்தால் ஆடுவோர் ஒதுங்கி நின்று வழிவிடுவர்.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். டோலியில் அமர்ந்தவர் ஒருவர், சுமந்தவர் பலர். கோல் பிடித்தவர் ஒருவர்; கோற்பையைத் தூக்கியவர் மற்றொருவர். இத்தூக்குவோரைக் காடி என்பர். பந்து எங்கே விழுந்தது, காற்று எத்திசையில் வீசுகிறது, எந்தக் கோல் ஏற்றது என்பவற்றை ஆடுபவரினும் நன்கறிந்தவர் பலமுறை காடியே. எனினும் அவர் பெயர் எப்பட்டியலிலும் ஏறவில்லை. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துக் கிளப்புகளுள் பல இந்தியரை உறுப்பினராக ஏற்றதே இல்லை. 1832-இல் தோன்றிய சென்னைக் கிளப்பு நெடுங்காலம் அந்நெறியிலேயே நின்றது. அதற்கு மாறாக, இந்தியரும் ஐரோப்பியரும் சமமாகக் கூடுதல் வேண்டும் என்ற நோக்குடன் 1873-இல் சென்னையில் காஸ்மாபாலிடன் கிளப்பு தோன்றியது. அதன் குழிப்பந்தாட்டக் களம் நந்தனத்தில் அமைந்தது. நிறவேற்றுமை மட்டுமா? 1754-இல் நிறுவப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப்பு, பெண்டிரை உறுப்பினராகச் சேர்க்கத் தீர்மானித்தது 2014-இல்; இருநூற்று அறுபது ஆண்டுகள் கழித்து! ஆட்டத்தின் விதி எளியவனைக் கணக்கில் சேர்க்கிறது. கிளப்பின் விதியோ அவனை வாயிலில் நிறுத்துகிறது. ஒரே களத்தில் இரு விதிகள் நிலவின என்பதே நாம் கூற விழைவது.

இம்முரண்பாட்டை உலகம் கண்டுகொண்ட நாள் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் குடியேறிய இந்தியர் மரபில் பிறந்தவர் பாப்வா சேவ்கோலம். எழுத்தறிவு பெறாதவர், டர்பன் நகரில் காடியாக வேலை செய்தே ஆட்டம் கற்றவர். பிறர் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றிக் கோலைப் பிடித்து ஆடுவார். 1959, 1960, 1964 ஆகிய மூவாண்டுகளிலும் ஹாலந்து நாட்டுப் பந்தயத்தில் முதற்பரிசு பெற்றார். 1963-இல் தம் சொந்த நாட்டில் நேட்டால் பந்தயத்தில் வென்றார். வெள்ளையர் அல்லாதார் கிளப்பு மாளிகைக்குள் புகுதல் கூடாது என்பது அந்நாட்டு நிறவெறி ஒழுங்கு. ஆகவே வெள்ளையர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று பரிசுக் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அந்நிகழ்ச்சியின் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் விளையாட்டு உலகம் பிற நாடுகளால் ஒதுக்கப்படுவதற்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. மழைக்கு நிறவேற்றுமை இல்லை, மாளிகைக்கு இருந்தது.

நம் நாட்டிலும் தூக்குவோரிடமிருந்து வென்றோர் எழுந்தனர். டில்லியில் காடியாகத் தொடங்கிய அலி ஷேர், 1991-இல் இந்தியத் திறந்த பந்தயத்தில் வென்று, அப்பரிசைப் பெற்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1993-இல் மீண்டும் வென்றார். பெங்களூரில் காடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பந்தயத்தில் வென்றார். வாயில் ஒரு விரல்கடை திறந்த இடத்திலேயே இத்தகையோர் தோன்றினர் எனின், முற்றும் திறந்திருந்தால் எத்தனை பேர் தோன்றியிருப்பர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி நம் பகுதிக்கு வருவோம். வடபழனியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கிண்டிக் குதிரைப்பந்தய வட்டத்தின் நடுவே, 1884-இல் தோன்றிய சென்னை ஜிம்கானா கிளப்பினர் தலைமுறை தலைமுறையாகக் குழிப்பந்தாடி வந்தனர். பந்தயச் சங்கத்துக்கு 1945-இல் 99 ஆண்டுக் குத்தகையாக விடப்பெற்ற 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்துக்கு ஆண்டு வாடகை 614 ரூபாய் அளவே. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி நிலத்தை முத்திரையிட்டது, பொதுமக்களுக்கான பசுமைப் பூங்காவும் வெள்ளநீர் தேங்கும் குளங்களும் ஆங்கே அமைக்க முனைந்தது, வழக்குகளும் எழுந்தன. வழக்கின் நியாயங்களைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆயின் அதன் பின்னே நிற்கும் வினா நம்மைச் சார்ந்ததே. முழுக் களம் ஒன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேலும் நிலம் வேண்டும். புல்லைப் பேணப் பெருநீர் வேண்டும். 2019 கோடையில் நீர்த்தேக்கங்கள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்துநின்ற நகரம் இது. திறந்த வெளி இத்துணை அரிதாகிவிட்ட ஊரில், உள்ள வெளி யாருடையது என்ற கேள்வி எழாமல் இராது.

வடபழனியின் கதை அதனையே உணர்த்தும். முருகன் கோயிலைச் சுற்றி வயலும் தோப்புமாக இருந்த ஊர், 1948-இல் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடியிலிருந்து ஆர்க்காடு சாலைக்கு வந்ததையும், விஜயா வாகினி ஸ்டூடியோ வளர்ந்ததையும் ஒட்டிப் படத்தொழிலாளர் குடியிருப்பாயிற்று. விஜயா வாகினியின் படப்பிடிப்புத் தளங்கள் நின்ற நிலத்தில் இன்று மருத்துவமனையும் பேரங்காடியும் நிற்கின்றன. தனி வீடுகள் அடுக்கு மாளிகைகளாயின. ஒவ்வொரு மாளிகையும் நூறு குடும்பம் வாழும் ஒரு சிற்றூர் என்று கூறினும் பொருந்தும். கோடைக்கானலில் மலையேறிய சில குடும்பங்கள் ஓர் ஊராக இணைந்தன. இங்கோ ஒரே சுவரின் இருபுறத்தும் வாழ்வோர் ஒருவர் பெயரை ஒருவர் அறியாதிருக்கின்றனர். ஆதலின் பொங்கல் விழாவும், தீபாவளிக் கூட்டமும், கிறிஸ்துமஸ் கீதப் பவனியும், நோன்புக் கஞ்சியும், சிறார் விளையாட்டுப் போட்டியும் இத்தகைய குடியிருப்புகளுக்கு இன்றியமையாதன. முதியவர் ஒருவர் இரண்டு நாள் வெளியே வராவிடில் கதவைத் தட்டிக் கேட்கும் அண்டையார், இக்கூட்டங்களிலேயே உருவாகின்றனர்.

இவற்றுக்கு நூறு ஏக்கர் வேண்டுவதில்லை. 29 அங்குலச் சதுரமுள்ள ஒரு காரம் பலகை போதும். நம் சென்னையின் மரிய இருதயம் அவ்வாட்டத்தில் இருமுறை உலக வெற்றி பெற்றவர். வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த காரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் பெற்றார். ஆகவே களத்தின் பரப்பு பெரிதன்று. வாயிலின் அகலமே பெரிது. நாம் கொள்ளத்தக்கன யாவை எனின்: நடுவர் இன்றியும் மெய் கூறும் ஒழுக்கம், பின்வருவோர்க்காக நிலத்தைச் செப்பஞ்செய்து செல்லும் பண்பு, வலியோர்க்கும் எளியோர்க்கும் இடையே நின்று இருவரையும் கணக்கில் வைக்கும் சலுகைக் கணக்கு. தள்ளத்தக்கது யாதெனின்: கோற்பை தூக்கியவனை வாயிலில் நிறுத்தும் கிளப்பு விதி.

அவ்விதி மாண்டுவிட்டது என்று எண்ணற்க. வீட்டு வேலைக்கு வரும் பெண்டிர்க்கெனத் தனி மின்தூக்கி குறித்திருக்கும் மாளிகைகள் இன்றும் நகரில் உள. இரவெல்லாம் வாயில் காக்கும் காவற்காரரின் பிள்ளை, ஆட்டக்கூடத்தின் கண்ணாடி வழியே பார்த்து நிற்பதுண்டு. பொங்கல் விழாவில் பாத்திரம் துலக்குபவர்க்குப் பந்தியில் இலை விழுவதில்லை. விழா முடிவில் சர்க்கரைப் பொங்கலைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது ஒப்புக்குச் சேர்ப்பது. உடன் அமர்த்திப் பரிமாறுவதே கணக்கில் வைப்பது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு உயர்ந்த இருக்கையும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுவோரை யாக்கோபு தமது நிருபத்தில் கடிந்துரைக்கிறார். அக்கடிதல் ஆலயத்துக்கு மட்டும் உரியதென்று நாம் கொள்ளலாகாது.

நம் கலாசாலை மாணவரும் பழைய மாணவரும் இன்றோ நாளையோ ஒரு விடுதிக் கழகத்திலோ குடியிருப்புச் சங்கத்திலோ செயலாளராக அமர்வர். விழாவுக்கு அழைக்கப்படுவோர் பட்டியலும், விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுப்போர் பட்டியலும் அவர்கள் மேசைக்கு வரும். அப்பொழுது பேனாவை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும்: இக்கட்டிடத்தைப் பெருக்குவோரும் காப்போரும் சமைப்போரும் அவர்தம் மக்களும் இப்பட்டியலில் உளரா? இல்லையெனின், அவர் பெயரையும் எழுதிச் சேர்த்த பின்னரே கையொப்பம் இடுதல் தகும்.